ஃபோக்-ஒஃப்-போலிசிகார்: சிறிய மொழிச் சந்தையில் ஒரு ராக் குழு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடும் ஃபோக்-ஒஃப்-போலிசிகார் என்ற ராக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெயரில் கெட்ட வார்த்தை இருப்பதால்தான் புகழா? அவர்கள் வரலாறு என்ன? எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

பெயர் கொஞ்ச நாள் பேச்சுக்கு உதவியது, உண்மைதான். ஆனால் 2003ல் தொடங்கிய குழு பதினெட்டு ஆண்டு கழித்தும் புதிய ஆல்பம் போட்டது, அதைக் கேட்க ஆள் இருந்தார்கள். அதற்குப் பெயர் காரணமாக இருக்க முடியாது.

முதலில் பெயரையே பிரித்துவிடலாம். 'போலிசி' என்றால் காவல்துறை, 'கார்' என்றால் கார். முன்னால் நிற்கும் 'ஃபோக் ஒஃப்' என்பது 'ஓடிப் போ' என்பதன் மிகக் கொச்சையான வடிவம். சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவது ஆஃப்ரிகான்ஸ் வழக்கம் என்பதால் மூன்றும் சேர்ந்து ஒரே நீண்ட சொல். ஆபத்தும் அதனால்தான். தனியாக இருந்தால் கெட்ட வார்த்தையை வெட்டிவிட்டு மீதியைப் போடலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் வானொலி அறிவிப்பாளர் தடுமாறுவார், சுவரொட்டி அச்சிடுபவர் தயங்குவார், பள்ளி அரங்கம் கதவைச் சாத்தும். நடைமுறையில் பலரும் முன்பாதியை விட்டு 'போலிசிகார்' என்றே சொல்லத் தொடங்கினார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் குழு ஏன் அவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கியது என்று புரிய, அந்த மொழி சுமந்து வந்த பாரம் தெரிய வேண்டும். ஆஃப்ரிகான்ஸ் டச்சிலிருந்து கிளைத்த மொழி. ஆனால் அதை வளர்த்தவை வெள்ளையர் வாய்கள் மட்டுமல்ல. கேப் பகுதியின் ஆதிக்குடிகளான கோய்கோய் மக்களும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த அடிமைகளும் அந்த மொழியைப் பேசித்தான் அதற்கு இன்றைய உருவம் வந்தது. அந்த அடிமைகளில் மலாய்த் தீவுகளிலிருந்து வந்தவர்களோடு வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. நீண்ட காலம் அதைச் 'சமையலறை டச்சு' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். 1925ல் அது ஆட்சிமொழியானது. 1948க்குப் பிறகு நிறவெறி ஆட்சியின் மொழியானது. கறுப்பினப் பள்ளிகளில் பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸில் நடத்தச் சொன்ன உத்தரவை எதிர்த்துத்தான் 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மொழித்திணிப்பு என்ற சொல்லின் எடையைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். திணித்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்த பிள்ளைகள், நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளியும் தேவாலயமும் ராணுவமும் பேசிய மொழியில் ஒரு இளைஞன் தன் குழப்பத்தை எப்படிப் பாடுவது?

இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு போலிசிகாரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. 1989ல் 'ஃபூல்ஃப்ரேய்' என்ற பெயரில் ஒரு சுற்றுப்பயணம். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: பறவையைப் போலச் சுதந்திரமானவன், யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன். பாடகர்கள் புனைபெயரில் வந்தார்கள். ரால்ஃப் ராபி தன்னை யொஹானஸ் கெர்க்ஓரெல் என்று அழைத்துக்கொண்டார். கெர்க்ஓரெல் என்றால் தேவாலய ஆர்கன். அவருடைய குழுவின் பெயர் 'சீர்திருத்தத் திருச்சபை ப்ளூஸ் குழு' என்று பொருள்படும். ஆந்த்ரே லெட்டோய்ட், கூஸ் கொம்பைஸ் ஆனார். கொம்பைஸ் என்றால் சமையலறை, அந்தப் பழைய இளக்காரத்தையே பெயராகச் சூடிக்கொண்டார். ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் பெர்னோல்டஸ் நீமான்ட் என்ற பெயரில் கட்டாய ராணுவச் சேவையைக் கிண்டல் செய்து பாடினார். ஷிஃப்டி என்ற சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், இவர்களைப் பதிவு செய்தது, மாக்ஸ் டு பிரீ நடத்திய 'ஃப்ரேய வீக்பிளாட்' வார இதழ் பயணத்துக்குத் துணை நின்றது. ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் தர மறுத்தார்கள். அரசு ஒலிபரப்பு நிறுவனம் பாடல்களைத் தடை செய்தது. பிடிக்காத பாட்டை யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று இசைத்தட்டின் அந்தப் பள்ளத்தையே கூரான பொருளால் கீறிவைப்பது அங்கே இருந்த வழக்கம்.

ஆனால் ஃபூல்ஃப்ரேய் பாடகர்களுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிந்தார்: அதிபர் பி. டபிள்யூ. போத்தா, ராணுவம், தணிக்கை. 1994ல் அந்த எதிரி போனபின் ஆஃப்ரிகான்ஸ் ராக் கிட்டத்தட்டத் திசை இழந்தது. தொண்ணூறுகளில் திறமையான ஆஃப்ரிகானர் (ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர்) இளைஞர்கள் ராக் பாட வந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போனார்கள். ஸ்டெலன்போஷில் உருவான ஸ்பிரிங்பாக் நூட் கேர்ல்ஸ் அதற்கு நல்ல உதாரணம். மேடையில் ஆங்கிலம், மேடைக்குப் பின்னால் ஆஃப்ரிகான்ஸ். ஆஃப்ரிகான்ஸில் பாடுவதென்றால் ஆட்டம் போடும் மெல்லிசை, காதல் பாட்டு, பக்திப் பாட்டு என்ற நிலை. இடையில் பேட்டரி 9, வேலியன்ட் ஸ்வார்ட், 2001ல் வந்த காரன் ஸாய்ட் போன்றோர் தனித்தனியாக வழி திறந்தார்கள். ஸாய்டின் பங்கு பெரிது. ஒரு பெண் கிட்டாரோடு நின்று, ஆஃப்ரிகானர்களின் சுயதிருப்தியை அவர்கள் மொழியிலேயே உரசிப் பார்க்கலாம் என்று அவர் காட்டியது போலிசிகார் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு.

இனி குழு. இடம் பெல்வில், கேப் டவுனின் வடக்குப் புறநகர். அந்தப் பகுதிக்கும் நகரத்தின் மற்ற பகுதிக்கும் நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோட்டை உள்ளூர்க்காரர்கள் 'பூரவோர்ஸ் திரை' என்பார்கள். பூரவோர்ஸ் என்பது ஆஃப்ரிகானர் வீட்டுச் சுட்ட இறைச்சிக் குழல். பனிப்போர்க் கால இரும்புத் திரையை வைத்துச் செய்த கேலி. திரைக்குப் பின்னால் வரிசை வீடுகள், ரக்பி, ஞாயிறு ஆராதனை. பாடகர் ஃபிரான்ஸ்வா ஃபன் கோக், இயற்பெயர் பாடன்ஹோர்ஸ்ட், டச்சுச் சீர்திருத்தத் திருச்சபைப் போதகரின் மகன். கிட்டாரும் பெரும்பகுதிப் பாடல்வரிகளும் ஹண்டர் கென்னடி. இன்னொரு கிட்டார் ஜானி டி ரிடர். பேஸ் வேய்னண்ட் மைபர்க். டிரம்ஸ் யாக்கோ ஃபென்டர், மேடைப்பெயர் ஸ்னேக்ஹெட். ஆங்கில ராக் குழுக்களில் வாசித்துப் பழகிய கைகள் இவை. ஆஃப்ரிகான்ஸ் குழு விளையாட்டுப் போலத்தான் தொடங்கியது. வயதைக் கவனியுங்கள். கட்டாய ராணுவச் சேவை 1993ல் முடிந்தது. இவர்கள் அதற்குத் தப்பிய முதல் தலைமுறை. குற்றம் செய்த தலைமுறையும் அல்ல, எதிர்த்துப் போராடிய தலைமுறையும் அல்ல. அந்த நடுவாந்தர வெறுமைதான் அவர்கள் பாடுபொருள்.

இசையளவில் அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு கிட்டாரும் தடித்த பவர்-கார்டுகளைச் சேர்ந்து அடிக்கும், பல்லவிக்கு முன் ஒரு கிட்டார் மட்டும் மெல்லிய ராகத் துணுக்கை வாசித்துக் காத்திருக்கும், பிறகு எல்லோரும் ஒன்றாக விழுவார்கள். பல்லவியில் பின்னணியில் நண்பர்கள் கூட்டமாகக் கத்துவதுபோன்ற குரல். அமெரிக்க பங்க், தொண்ணூறுகளின் மாற்று ராக் கேட்டவர்களுக்கு இந்தக் கட்டமைப்பு பழக்கமானது. புதுமை முழுக்க மொழி அந்த அச்சில் விழுந்த விதத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டும், ஏனென்றால் இதுதான் பலர் தவறவிடும் பகுதி. ஆஃப்ரிகான்ஸில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், நாம் இருக்கிறோம்' எல்லாவற்றுக்கும் ஒரே சிறிய 'இஸ்'. அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் ஓரசை. வேகமான நாலு தாள அடியில் நெருக்கி அடுக்க இதைவிட வசதியான மொழி அரிது. அடுத்தது எதிர்மறை. ஆஃப்ரிகான்ஸ் இரண்டு முறை மறுக்கும்: வாக்கியத்தின் நடுவில் ஒரு 'நீ', கடைசியில் இன்னொரு 'நீ'. இந்த 'நீ' என்பதற்கு 'இல்லை' என்று பொருள், நம் 'நீ'யோடு தொடர்பில்லை. கடைசி 'நீ' பேச்சில் எடையில்லாதது. பாட்டில் அதுவே அடி முடிகிற இடம். வரிக்கு வரி ஓர் 'இல்லை' வந்து டிரம்ஸோடு மோதும். மறுப்பைப் பாட வந்த குழுவுக்கு மொழியே தாளம் போட்டுக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது, வேதாகம வாடை. இந்தப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் கற்ற சொற்களை, அப்பாக்களின் பிரசங்கச் சொற்களை எடுத்து அதற்கு எதிராகவே திருப்பினார்கள். 'எக் ஸ்கேய்ன் ஹேலிக்' என்ற பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்கேய்ன்' என்றால் ஒளிர்வது, தோன்றுவது. 'ஹேலிக்' என்றால் புனிதம். இரண்டையும் ஒட்டினால் 'ஸ்கேய்ன்ஹேலிக்', அதாவது பக்தி வேஷக்காரன். 'நான் புனிதமாக ஒளிர்கிறேன்' என்று சொல்லும் வாயே 'நான் வேஷதாரி' என்றும் சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டால் இது மொத்தமாக உதிர்ந்துபோகும். கொச்சைச் சொல்லுக்காக இவர்களைத் திட்டியவர்கள் பலர், இந்தச் சொல்வேலையைப் பார்க்காமலே திட்டினார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம்.

வெளியீடுகளின் வரிசை இது. 2003ல் முதல் இ.பி. (சில பாட்டு மட்டும் கொண்ட குறுவெளியீடு), ரிதம் ரெக்கார்ட்ஸ் லேபிளில். தலைப்பு 'நெருப்போடு விளையாடினால் சுட்டுக்கொள்வாய்' என்ற வீட்டு எச்சரிக்கை. அதில்தான் 'ஹியமெல் ஒப் டி பிளாட்டெலன்ட்' இருக்கிறது, 'நாட்டுப்புறத்தில் சொர்க்கம்' என்று பொருள். என்னை ஒழுங்குபடுத்து, பெட்டியில் போட்டு 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்து என்று கேட்கும் பாட்டு. கடவுள் இனித் தேவையில்லை என்று யாராவது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்ற கருத்தும் அதில் வரும். போதகர் மகன் இதைப் பாடியபோது எழுந்த சத்தத்தை ஊகித்துக்கொள்ளலாம். முழு ஆல்பமாக இல்லாமல் இ.பி.யாகத் தொடங்கியது விவேகமான செயல். ஒலிப்பதிவு நாள் குறைவு, செலவு குறைவு, நிரப்புப் பாட்டு தேவையில்லை, மேடையில் விற்கக் கையில் ஒரு பொருள் உடனே கிடைக்கும். 2004ல் முதல் முழு ஆல்பம் 'லுக்ஸ்டியரிங்', வானொலியில் வரும் இரைச்சல் என்று பொருள். 2005ல் 'மொனோலோக் இன் ஸ்டீரியோ'. 2006ல் 'பிரான்ட் சைட்-ஆஃப்ரிகா'. 'பிரான்ட்' ஆஃப்ரிகான்ஸில் எரிதல், ஆங்கிலத்தில் வணிகப் பெயர், இரண்டும் சேர்ந்து கேட்கும் தலைப்பு. அதே ஆண்டு 'ஸ்வானெசாங்', அன்னத்தின் கடைசிப் பாட்டு. 2003 முதல் 2006 வரை ஐந்து வெளியீடுகள். இந்த வேகமே பின்னால் அவர்களைத் தளர்த்தியது.

2006ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். நிலக்கரி ஊரான விட்பேங்கில் நிகழ்ச்சி முடிந்தபின் ரசிகர் ஒருவரின் பணப்பையில் பேஸ் வாசிக்கும் மைபர்க் கடவுளை இழித்து இரண்டு சொல் எழுதிக் கையெழுத்திட்டார். அது செய்தித்தாளுக்குப் போனது. வாசகர் கடிதங்கள் குவிந்தன, நிகழ்ச்சிகள் ரத்தாயின. பாட்டில் சொன்னதை மூன்று ஆண்டு பொறுத்த சமூகம் பணப்பையில் எழுதியதைப் பொறுக்கவில்லை. காரணம் எளிது. பாட்டு என்றால் கலை, புனைவு என்று ஒரு வேலி இருக்கிறது. கையெழுத்துக்கு வேலி இல்லை, அது ஆள் நேரடியாகச் சொன்னதாகிவிடும். மேடைக்கு வெளியே நடப்பதும் மேடையைச் சேர்ந்ததே என்பதைப் பல ராக் குழுக்கள் இப்படித்தான் தாமதமாக உணர்கின்றன.

அதே 2006ல் ஆஃப்ரிகான்ஸ் இசையில் நேர் எதிர்த் துருவமும் எழுந்தது. ஆஃப்ரிகானர்கள் பிரிட்டனை எதிர்த்து நடத்திய பூர் போரின் தளபதி டி லா ரேயை 'வந்து எங்களை நடத்து' என்று அழைக்கும் பாட்டோடு போக் ஃபன் பிளெர்க் வந்தார். விற்பனையில் அது எங்கோ போய்விட்டது. மதுக்கடைகளில் நெஞ்சில் கைவைத்துப் பாடினார்கள். ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. ஒருவர் 1899-1902 போரின் தளபதியைத் தேடுகிறார், இன்னொருவர் யாரும் வழிநடத்த வேண்டாம் என்கிறார். அந்த ஆண்டின் ஆஃப்ரிகானர் மனம் புரிய வேண்டுமானால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

2007ல் குழு ஓய்வுக்குப் போனது. வெளியில் இருந்து பார்த்தால் பிரிவு போலத் தெரியும். நான் அதைப் பிழைப்பின் கணக்காகப் பார்க்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 68 லட்சம், நாட்டின் 13.5 சதவீதம். 2022ல் பங்கு 10.6 சதவீதம். இதில் வெள்ளையர் 2011 கணக்கில் சுமார் 27 லட்சம், கலப்பினத்தவர் சுமார் 34 லட்சம். அதாவது இந்த மொழியைப் பேசுபவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லர். போலிசிகாரின் ரசிகர் வட்டம் பெரும்பாலும் அந்த 27 லட்சத்துக்குள், அதிலும் இளைஞர்கள், அதிலும் ராக் கேட்பவர்கள். எவ்வளவு புகழ் வந்தாலும் மேற்கூரை தாழ்வு.

பயணக் கணக்கைப் பாருங்கள். கேப் டவுனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் என்1 நெடுஞ்சாலையில் சுமார் 1,400 கிலோமீட்டர். ஐந்து இசைக்கலைஞர், ஒரு ஒலிப்பொறியாளர், ஒரு ஓட்டுநர், கருவிகள் இழுக்கும் வண்டி. போய்வர 2,800 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தாலே 280 லிட்டர் எரிபொருள். ஏழு பேருக்கு இரண்டு மூன்று இரவு தங்கல். 300 பேர் கொள்ளும் அரங்கில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக இவ்வளவு தூரம் போனால் கையிலிருந்து போகும். அதனால் வழியிலேயே கோர்க்க வேண்டும்: வியாழன் 1,000 கிலோமீட்டரில் இருக்கும் புளூம்ஃபொன்டெய்ன், வெள்ளி பிரிட்டோரியா, சனி பொட்சஃப்ஸ்ட்ரூம். இவை மூன்றும் ஆஃப்ரிகான்ஸ் மாணவர்கள் திரண்டிருந்த பல்கலைக்கழக நகரங்கள். நான்காவது ஸ்டெலன்போஷ், அது வீட்டுக்கு அருகில். பருவம் நடக்கும் மாதங்களில் போக வேண்டும், தேர்வு மாதத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் இந்த ஊர்கள் காலி. ஒரே ஊருக்கு மாதாமாதம் போனால் கூட்டம் பாதியாகும். இந்தச் சுற்றை ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் ஓட்ட முடியாது. பிரிட்டோரியா பல்கலைக்கழகம் 2019 முதல் புதிய மாணவர்களுக்கு ஆங்கிலவழிக்கு மாறிவிட்டதால் அடுத்து வரும் குழுக்களுக்கு இந்தச் சுற்று இன்னும் கடினம்.

அப்படியானால் அதே ஐந்து பேர் ஆண்டு முழுக்கச் சம்பாதிப்பது எப்படி? வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கூட்டத்துக்குப் பாடித்தான். ஃபன் கோக்கும் மைபர்க்கும் 2007ல் ஃபன் கோக் கார்டெல் தொடங்கினார்கள், ஆஃப்ரிகான்ஸில் நேரடியான கனத்த ராக். கென்னடியும் டிரம்ஸ் ஃபென்டரும் லாடோ லீபன்பர்க் பாட, ஏகிங் என்ற குழுவில் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். முதல் ஆல்பம் 2008ல், ஆங்கில வானொலியின் கதவு அதற்குத் திறந்தது. கென்னடி பியேர் கிரீஃபோடு சேர்ந்து டி ஹேவல்ஸ் ஃபன்டாஸ்டிஸ் என்ற மின்னணு-பாப் குழுவையும் நடத்தினார். பதமான குரல், விருந்தினர் பாடகர்கள், பங்க் பிடிக்காதவர்களும் கேட்கக்கூடிய ஆஃப்ரிகான்ஸ். ஃபன் கோக் 2015ல் தனி ஆல்பம் போட்டார். அதில் காரன் ஸாய்டோடு பாடிய 'டூ ஃபின்ட் எக் யோ' திருமண வரவேற்புகள் வரைக்கும் போன பெரிய வெற்றி. தாய்க்குழுவைக் கலைக்காமல் உறங்கவைத்து, ஒவ்வொருவரும் ஒரு தனிச் சந்தையைப் பிடித்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழாக்களில் மட்டும் போலிசிகாராகக் கூடினார்கள். அபூர்வமாகக் கூடியதால் அந்தப் பெயரின் விலையும் குறையவில்லை.

இதற்கு இரண்டு அமைப்புகள் தாங்கலாக இருந்தன. ஒன்று விழாக்கள். 1994ல் நோர்தம் அருகே தொடங்கிய ஒப்பிகொப்பி ராக் விழா. 1995ல் அவுட்ஸ்ஹூர்னில் தொடங்கிய கலைவிழா. பின்னர் பொட்சஃப்ஸ்ட்ரூம், நெல்ஸ்ப்ரெய்ட், ஸ்டெலன்போஷ் என்று பரவிய ஆஃப்ரிகான்ஸ் கலைவிழாக்கள். விழாவில் மேடை, ஒலி, கூட்டம் எல்லாம் தயாராக இருக்கும், குழுவுக்குப் பேசிய தொகை வரும், வாசல் வசூலை நம்ப வேண்டாம். இரண்டாவது எம்கே தொலைக்காட்சி. 2005ல் எம்கே89 என்று தொடங்கிய அந்த ஆஃப்ரிகான்ஸ் இசைச் சேனலுக்கு நாள் முழுக்க ஓட்டக் காணொளி வேண்டும். அதனால் பெரிய லேபிள் இல்லாத குழுக்களும் மலிவாக எடுத்த காணொளியோடு வீடுகளுக்குள் போனார்கள். க்ளொப்யாக், ஸ்ட்ராட்லிக்கின்டர்ஸ், ஃபோட்டோ நா டான்ஸ், ஸிங்க்பிளாட் என்று ஒரு வரிசையே அந்தச் சில ஆண்டுகளில் தெரிந்த பெயரானதற்கு இதுவே காரணம். 2013ல் சேனல் மூடப்பட்டதும் புதிய குழுக்களின் ஓட்டம் தெளிவாகச் சுணங்கியது. போலிசிகார் உறுப்பினர்கள் அதற்குள் கால் ஊன்றிவிட்டார்கள்.

2009ல் பிரையன் லிட்டில் இயக்கிய ஆவணப்படம், 2011ல் ஆனி க்ளொப்பர் எழுதிய வரலாற்று நூல் இரண்டும் குழுவைச் சத்தக்காரர்கள் என்ற இடத்திலிருந்து ஒரு தலைமுறையின் சாட்சி என்ற இடத்துக்கு நகர்த்தின. 'ஸ்வானெசாங்' வந்து பதினோரு ஆண்டுக்குப் பின், 2017ல் 'செல்ஃப்மெடிகாசி' என்ற முழு ஆல்பம், 'தனக்குத்தானே மருந்து'. 2021ல் 'டான்ஸ் டியர் டி டொங்கர்', 'இருட்டினூடே ஆடு'. கோபம் இங்கே உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. தந்தையாகிவிட்டவர்களின் களைப்பு, போதை, பழகிப்போன அவநம்பிக்கை. பழைய ரசிகர்களில் சிலர் வேகம் போய்விட்டது என்பார்கள். எனக்கு இந்த இரண்டும் முதல் ஆல்பத்தைவிட நேர்மையாகப் படுகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இவர்கள்தான் ஆஃப்ரிகான்ஸை மீட்டார்கள் என்று எழுதும் கட்டுரைகள் நிறைய. அது பாதி உண்மை. வெள்ளைப் புறநகரின் ஆஃப்ரிகான்ஸைத்தான் இவர்கள் அசைத்தார்கள். கேப் ஃபிளாட்ஸ் பகுதியின் கலப்பின மக்கள் பேசும் காப்ஸ் வழக்கு அதற்கு முன்பே ராப் இசையில் நிமிர்ந்து நின்றது. பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி, பிராஸ ஃபன்னி காப் ஆகிய குழுக்கள் அதே மொழியைக் குற்றவுணர்வு இல்லாமல், தங்கள் சொத்தாகப் பாடின. அவர்களுக்கு அது ஆண்டவனின் மொழி அல்ல, ஆண்டவர்களின் மொழியும் அல்ல, தெருவின் மொழி. போலிசிகாரின் குமுறலைக் கேட்டபின் இவர்களைக் கேட்டால் ஒரே மொழிக்குள் எவ்வளவு தூரம் என்பது காதுக்கே தெரியும்.

கேட்கும் வரிசை. முதலில் 'ஹியமெல் ஒப் டி பிளாட்டெலன்ட்', வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு 'லுக்ஸ்டியரிங்' முழுவதும் ஒரே அமர்வில். அடுத்து உடனே 'ஸ்வானெசாங்' போகாமல், 'செல்ஃப்மெடிகாசி'க்குத் தாவுங்கள், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் குரல் எப்படித் தடித்தது என்பது பிடிபடும். அதன்பின் நடுவில் உள்ளவற்றுக்குத் திரும்பலாம். கனம் பிடித்தால் ஃபன் கோக் கார்டெல், மெட்டு பிடித்தால் டி ஹேவல்ஸ்.

வரிகளைப் பார்த்து உச்சரிக்கச் சில குறிப்புகள். ஆஃப்ரிகான்ஸ் எழுத்துமுறை ஆங்கிலப் பழக்கத்தை ஏமாற்றும். 'வி' எழுத்து ஃப் ஒலிக்கும், 'டபிள்யூ' எழுத்து வ் ஒலிக்கும், 'ஜே' எழுத்து ய். 'ஓ-ஈ' சேர்ந்தால் உ. அதனால்தான் 'பூர்', 'போயர்' அல்ல. 'ஒய்' வந்தால் ஏய். சொல்லின் கடைசி 'டி' (D) எழுத்து வல்லொலியாக ட் என்று முடியும். 'ஜி' எழுத்துதான் கடினம், அடித்தொண்டையை உரசி வரும் காற்று. 'அஃது' என்பதில் ஆய்தத்தைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். ஃபன் கோக் அந்த ஒலியைப் பல்லவியில் இழுத்துக் கீறுவார். 'லுக்ஸ்டியரிங்' கேட்கும்போது அதைத் தேடிக் கேளுங்கள். இரண்டு கிட்டாருக்கு நடுவே மூன்றாவது கருவி போல அது ஒலிக்கும்.